பழைய சுற்றுநிருபங்கள்

மற்றவர்களுடைய கோப்புகளைத் திறந்து பார்க்காவிட்டால் மனேஜர் நவரத்தினத்துக்கு மத்தியானச் சோறு இறங்காது.

வெள்ளாங்குளம் பக்கத்தில் உள்ள அந்தக் கூட்டுறவுக் கந்தோரில் இருந்தது ஒரே ஒரு கம்பியூட்டர். ஆளுக்கொரு கடவுச்சொல் இருந்தது. ஆனால் அதற்கு நிர்வாகி மனேஜர். அவருக்கு மட்டும் எல்லாக் கதவும் திறக்கும்.

போன மாதம் கிளாக்கர் சுபாஸ்கரன் தன் கலியாணக் குறிப்பை அதில் அடித்து வைத்திருந்தான். அடுத்த நாள் தேத்தண்ணி நேரத்தில், எல்லாருக்கும் முன்னால் மனேஜர் கேட்டார்.

"தம்பி, அஞ்சடி ஆறங்குலமோ? கதிரையில ஏறி நிண்டோ அளந்தனீர்?"

பாவம், அவன் அன்றைக்குத் தேத்தண்ணியே குடிக்கவில்லை.

அதனால்தான் அதே கந்தோரில் வேலை செய்த யசிந்தா, இடமாற்றம் கேட்டு எழுதிய தன் கடிதத்தை ஒளிக்கவேண்டி வந்தது.

அவளுக்கு வீடு மன்னார் உப்புக்குளத்தில். மகள் எழும்ப முன்னமே பஸ் ஏறவேண்டும். அந்த மூன்று வயதுப் பிள்ளை இப்போது பக்கத்து வீட்டு ஸஜானாவை அம்மா என்று கூப்பிடத் தொடங்கிவிட்டது. கந்தோரில் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். அதை நினைத்தால் பஸ்ஸிலேயே அவளுக்கு அழுகை வரும்.

ஆனால் பிள்ளையைக் காட்டிக் கெஞ்ச மனமில்லை. மனேஜர் பேரில் நாலு குற்றச்சாட்டை இலக்கம் போட்டு எழுதினாள். மற்றவர்களின் கோப்புகளைத் திறக்கிறார் என்பது முதலாவது. திறந்ததோடு நில்லாமல் பகிடியும் விடுகிறார் என்பது இரண்டாவது. மிச்ச இரண்டும் அதே குற்றம்தான், கொஞ்சம் நீட்டி எழுதியிருந்தாள்.

கடிதம் வெள்ளிக்கிழமைக்குள் தலைமைக் கந்தோருக்குப் போகவேண்டும். அதற்குள் மனேஜர் கண்ணில் பட்டால் அவ்வளவுதான்.

வழி சொன்னவன் சுபாஸ்கரன். தலைமைக் கந்தோர் அனுப்பும் அறிவித்தல்கள் கிடக்கும் 'பழைய சுற்றுநிருபங்கள்' என்ற கோப்புறைக்குள் போட்டுவிடச் சொன்னான். சுற்றுநிருபத்தை இரண்டாம் தரம் வாசிக்கிற மனிசன் இன்னும் பிறக்கவில்லை என்பது அவனுடைய கணிப்பு.

பிறந்திருந்தார்.

வியாழன் காலை யசிந்தா கோப்புறையைப் பார்த்தாள். கடிதம் கடைசியாக மாற்றப்பட்டது நேற்றுப் பின்னேரம் நாலு ஐம்பதுக்கு என்று காட்டியது. அவள் நாலரைக்கே பஸ்ஸுக்குப் போய்விட்டிருந்தாள்.

அவளுக்குக் கோபம் வந்தது. நேரே மனேஜரின் மேசைக்குப் போனாள்.

"சேர், என்ர கடிதத்தைத் திறந்தனீங்களோ?"

"ஓம் பிள்ளை." அவர் தலை நிமிரவில்லை. "நேர தலைமைக் கந்தோருக்கு எழுதியிருக்கிறீர். என்ர சிபாரிசு இல்லாமல் போனால் வாசிக்காமலே திருப்பி அனுப்பிப்போடுவினம். எத்தினை சுற்றுநிருபம் வந்தது, ஒருத்தரும் வாசிக்கிறேல்லை."

மேசை லாச்சியைத் திறந்து ஒரு தாளை நீட்டினார். யசிந்தா வாங்கி வாசித்தாள்.

அவளுடைய நாலு குற்றச்சாட்டும் ஒரு எழுத்துக்கூட மாறாமல் இருந்தன. அவற்றின் கீழே, கையெழுத்தும் முத்திரையும் வைத்து, மனேஜரின் சிபாரிசு இருந்தது:

"மேற்கூறிய நான்கும் உண்மை. இந்தக் கடிதத்தையும் விண்ணப்பதாரியின் அனுமதியின்றியே திறந்து வாசித்தேன். ஆகவே, இப்படிப்பட்ட மேலதிகாரியிடமிருந்து அவரை உடனடியாக விடுவித்து, மூன்று வயது மகள் கண் விழிக்கும்போது தாய் பக்கத்தில் இருக்கக்கூடிய ஓரிடத்துக்கு மாற்றித் தருமாறு சிபாரிசு செய்கிறேன்."