இருபத்து நாலு கொலையும் ஒரு வீடும்

“வீட்டை வேணா அவளே எடுத்துக்கட்டும். அந்தப் பெட்டியில மட்டும் கை வெச்சா, நடக்கறதே வேற!” சமரச மையத்தின் மேஜையை ஓங்கிக் குத்தினான் புருஷன்காரன். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்து விவாகரத்து ஒப்பந்தத்தின் நகலை நனைத்தது.

எதிரில் இருந்த மனைவியின் வக்கீலுக்கு அப்போதே மூக்கு வியர்த்துவிட்டது. குடும்பநல நீதிமன்றத்தில் அந்த அம்மாளுக்குப் ‘பூதக்கண்ணாடி’ என்று பேர். விக்டோரியா மகாராணி காலத்துத் துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்தவர். ஜீவனாம்ச மனுவைக்கூடக் கொலை நடந்த அறையைப் பார்ப்பது மாதிரிதான் பார்ப்பார்.

“ஆறு மாசமா வீட்டைத் தர மாட்டேன்னு ஒத்தக்கால்ல நின்னவர், ஒரு பெட்டிக்காக வீட்டையே விடறாரா? அதைத் திறக்கச் சொல்லுங்க.”

காரிலிருந்து பெட்டி வந்தது. இரண்டு பூட்டு. உள்ளே புதையலும் இல்லை, பிணமும் இல்லை. கெட்டி அட்டை போட்ட பழங்காலத் துப்பறியும் நாவல்கள் இருபத்து நாலு.

“எங்க தாத்தா சேர்த்தது” என்றான் அவன், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

“எந்தத் தாத்தா? இந்த மனுஷன் ஒரு புத்தகத்தைத் தொட்டு நான் பார்த்ததில்ல. உங்க ஆபீசுக்குப் பேச வந்தப்பகூட அலமாரியை ஏற இறங்கப் பார்த்துட்டு, ‘இது வக்கீல் ஆபீசா, பழைய பேப்பர் கடையா’ன்னு நக்கல் அடிச்ச ஆளு!” என்றாள் மனைவி, வக்கீலம்மாவிடம்.

“அதேதான்! படிக்காதவருக்கு எதுக்குப் புத்தகம்?” வக்கீலம்மா ஒன்றைப் பிரித்தார். அட்டையின் உள்மூலையில் பென்சிலில் ‘கீ 3’. அடுத்ததில் ‘கீ 4’. மூன்றாவதைத் தொடுவதற்குள் அவன் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டான்.

வராந்தாவுக்கு வந்ததும் வக்கீலம்மா கிசுகிசுத்தார். “ஏதோ சங்கேதம். இவர் ஒளிச்சு வெச்சிருக்கற சொத்து மொத்தத்துக்கும் இதுதான் தடயம். பெட்டியைக் கேட்டு வாங்கறோம்.”

“எனக்கு வீடு போதும் மேடம். என் பொண்ணோட ஸ்கூல் அடுத்த தெருவுல இருக்கு. உங்க கதைப் பைத்தியத்துல என் தலையை உருட்டாதீங்க.”

“வக்கீல் நீயா, நானா?”

கட்சிக்காரி வாயை மூடிக்கொண்டாள். அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

உள்ளே அனல் பறந்தது. “ஒண்ணு வீடு, இல்லேன்னா பெட்டி. ரெண்டையும் தூக்கிட்டுப் போக நான் என்ன செத்தா போயிட்டேன்?” என்று கத்தினான் அவன். “பெட்டி!” என்றார் வக்கீலம்மா, கட்சிக்காரியின் முகத்தைப் பார்க்காமலே. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டான். போகும்போது, “மூளைன்னா அது உங்க மூளைதான் மேடம்” என்று பல்லைக் கடித்தான். வக்கீலம்மா அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் நீதிபதி கையெழுத்தும் விழுந்தது. அதன் பிறகுதான் பெட்டி கைக்கு வந்தது.

இரண்டு நாள் அந்த அம்மாள் சாப்பாடு தண்ணி பார்க்கவில்லை. புத்தகங்களின் முதுகுத் தையலைப் பிரித்தார். பக்கங்களை விளக்கில் காட்டினார். லென்ஸை வைத்து எழுத்தெழுத்தாக மேய்ந்தார். கிடைத்தது ஒரு செத்துப்போன புத்தகப்பூச்சி.

“இதுக்காவது குடியிருக்க ஒரு இடம் இருந்துது மேடம்” என்றாள் கட்சிக்காரி. வீட்டைக் காலி செய்ய அவளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

“அவசரப்படாதே. இந்தக் ‘கீ’ மட்டும் பிடிபட்டா ஆள் காலி. பழைய புத்தகத்தோட நெளிவு சுளிவெல்லாம் தெரிஞ்ச ஒருத்தர் இருக்கார், வா.”

இருபது வருஷமாக வக்கீலம்மாவுக்கு நாவல் எடுத்துவைக்கும் பழைய புத்தகக் கடைக்காரர், இவர்கள் நுழைந்ததும் எழுந்து நின்றார். கட்சிக்காரி பெட்டியைத் தொப்பென்று தரையில் போட்டாள். இடுப்பில் கை வைத்தபடி வக்கீலம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றாள்.

வக்கீலம்மா குரலைத் தாழ்த்தி, “இந்தப் பென்சில் குறி என்னன்னு உங்களால சொல்ல முடியுமா?” என்று கேட்டார்.

கடைக்காரர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. “என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? கீழ் அலமாரி, மூணாவது புத்தகம். போன மாசம் ஒருத்தர் வந்து, மேடத்துக்கு எது ரொம்பப் பிடிக்கும்னு கேட்டு மொத்தமா அள்ளிட்டுப் போனார்.”

பெட்டியைத் தட்டிக் கொடுத்துவிட்டு அன்பாகக் கேட்டார்:

“பரவாயில்லையே, சொன்ன மாதிரியே உங்ககிட்ட குடுத்துட்டாரா?”