அறுபத்திரண்டில் நிற்கும்

"என் ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் குடுத்துப்போடுங்க சார்."

வேலைக்குச் சேர்ந்த அன்றே அக்கவுண்ட்ஸ் வெங்கடலட்சுமி காதைக் கடித்திருந்தாள்: இந்த ஆபீஸில் எதை வேண்டுமானாலும் கேள், அதை மட்டும் கேட்டுவிடாதே. ராமாத்தாள் கேட்டேவிட்டாள். அதுவும் பெருந்துறை மில்காரர் அழகிரிசாமியை எதிரே வைத்துக்கொண்டு.

முதலாளி தம்பிதுரை சிரித்தார். "டெஸ்ட் முடியட்டும் அம்மணி, குடுத்தர்றேன்." பிறகு அவள் பக்கம் குனிந்து, "பாதியில நின்னுச்சுன்னா அந்த டிகிரியை மறந்துரு" என்றார்.

அவள் வீட்டில் அதற்கு முன் பத்தாவதைத் தாண்டியவர் கிடையாது. புடைத்திருந்த சாப்பாட்டுப் பையை இரண்டு பாதத்துக்கும் நடுவே இறுக்கிக்கொண்டாள்.

"ஏனுங்க, இது என்ன பண்ணுமுங்க?" என்றார் அழகிரிசாமி.

"அந்த ரூம்ல சர்வர் இருக்குதுங்க. கம்ப்யூட்டரை ஓட்டற லினக்ஸ் மொத்தமும் அதுக்குள்ள. இங்க ஒரு ஃப்ளாப்பி போட்டாப் போதும், வயர் வழியா எல்லாம் தானா வந்து ஏறிக்கும். உங்க மில்லுல நாப்பது கம்ப்யூட்டருக்கும் இப்படித்தானுங்க" என்றார் தம்பிதுரை.

இரண்டு வாரமாக அது ஏறவில்லை. தினமும் அறுபத்திரண்டு சதவீதத்தில் செத்து நின்றது. இன்று காலை திடீரென்று, "ராத்திரியே ஆள் வெச்சுச் சரிபண்ணியாச்சு" என்றார் தம்பிதுரை. எப்படி என்று கேட்டதற்கு, "நீ டெஸ்ட் ரிப்போர்ட்டுல கையெழுத்து மட்டும் போடு."

ராமாத்தாள் ஃப்ளாப்பியைச் செருகினாள். திரையில் பூஜ்யம். பூஜ்யமாகவே நின்றது. நாலு வருசம் பஸ்ஸில் தொங்கியபடி படித்த படிப்பு இவர் பீரோவிலேயே கிடந்து செல்லரிக்கப்போகிறது.

கம்ப்யூட்டரின் முன்பக்கம் சின்னப் பச்சை விளக்கு மினுக்கியது. ஒன்று. இரண்டு. பத்து.

அவள் மூச்சு விட்டாள். முகம் மட்டும் தெளியவில்லை, கருத்தது.

"அறுவத்திமூணு!" தம்பிதுரை தொடையில் தட்டினார்.

நூறும் வந்தது. "அட, புள்ளைக்கு அதைக் குடுத்துருங்க. நாந்தான் சாட்சி" என்றார் அழகிரிசாமி. வேறு வழியில்லாமல் பீரோ திறந்தது. சர்டிபிகேட்டும் டெஸ்ட் ரிப்போர்ட்டும் சேர்ந்தே மேசைக்கு வந்தன.

"சர்வர்ல இருந்துதான் ஏறுச்சுன்னு கையெழுத்தைப் போட்டுட்டு எங்க வேணாப் போ" என்றார் தம்பிதுரை.

சர்டிபிகேட்டை மட்டும் எடுத்துக்கொண்டாள். சாப்பாட்டுப் பையைத் திறந்து, டிபன் பாக்ஸுக்கு மேலே சுருட்டி வைத்திருந்த நீல வயரை எடுத்து ரிப்போர்ட்டின் மேல் வைத்தாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"அந்தப் பச்சை லைட்டுக்குப் பின்னால ஒரு சி.டி. இருக்கும், எடுத்துப் பாருங்க. சர்வர் வயரை நான் காலையிலயே கழட்டிப்போட்டேனுங்க."