நாற்பத்து மூன்றாவது கல்

"யோவ், நில்லு! மூட்டையில இன்னா?"

கச்சிராயபாளையம் சாலையில் அறுத்துப் போட்ட புளியமரத்துக்குப் பக்கத்திலிருந்து ஏட்டு பச்சமுத்து லத்தியை நீட்டினார். தொப்பிக்கு அடியில், நெற்றியில் ஒரு கட்டு.

கொளஞ்சியப்பன் வாத்தியாருக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை.

"கல்லுங்க" என்றார்.

எண்பத்தேழு செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடக்கிற வாரம். அந்த வாரத்தில் ஒரு ஏட்டிடம் சொல்ல இதைவிடத் தப்பான பதில் தமிழில் கிடையாது.

மறியல் ஒரே நாளில் முடிந்துவிடும், பள்ளிக்கூடமும் லீவு என்று நம்பித்தான் வாத்தியாரும் தையல்கடை தங்கமணியும் சங்கராபுரத்திலிருந்து கல்வராயன் மலை ஏறினார்கள். சென்னைப் பேராசிரியர் ஒருவரின் ஆராய்ச்சிக்காகச் சம்பளமில்லாமல் கல் எடுத்துத் தருகிற வேலை. மூன்று நாள் அலைச்சலில் நாற்பத்திரண்டு கல். மூட்டை தங்கமணியைவிட இரண்டு கிலோ கூடுதல். மூட்டைதான் அவனைச் சுமந்துகொண்டு இறங்கியது என்று சொல்பவர்களும் உண்டு.

"கல்லா? யாரு மண்டைக்கு?"

"ஆராய்ச்சிக்குங்க. பூமிக்கு அடியிலருந்து நெருப்புக் குழம்பு பொங்கி, பாறை வெடிப்புல ஏறி உறைஞ்ச கல்லு. கோடிக்கணக்கான வருஷம் ஆவுது."

"நெருப்பா? அது இப்ப ரோட்டுலதான ஓடிக்கினு இருக்குது!"

ஏட்டு ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். செய்தித்தாளுக்குள் கறுப்புக் கல். கூடவே ஒரு சீட்டு: எண், எடுத்த இடம், நாள்.

வாத்தியார் பதறினார். "சீட்டு மட்டும் மாறிடக் கூடாதுங்க. மாறினா எல்லாம் வெறும் ஜல்லி. ரெண்டு வருஷ ஆராய்ச்சி போயிடும்."

"மூட்டை இங்கியே இருக்கட்டும். சுத்தியலையும் வை. டேய், நீ இன்னா பாக்கெட்ட மூடற? எடு!"

தங்கமணியின் உளியும் போயிற்று.

"ஒரு ரசீதாவது குடுங்க..."

"முதுகுல எழுதட்டுமா? நடங்கய்யா!"

நடந்தார்கள்.

"மனுசனா சார் அவன்? காக்கிச் சட்டைக்குள்ள பாறைய வெச்சுத் தெச்சுட்டானுங்க" என்றான் தங்கமணி.

"பாறையத் திட்டாத. அதுக்காவது ஒரு காலத்துல சூடு இருந்துது."

அடுத்த திருப்பத்தில் வெளியூர்ப் போலீஸ் லாரி. அந்தப் போலீஸ்காரர்கள் இரண்டு பேர் பையையும் கவிழ்த்து உதறினார்கள். ஒரு துண்டும் பாதி மிக்சர் பொட்டலமும் விழுந்தன. போகச் சொல்லிவிட்டார்கள். லாரிக்குள் ஏற்கெனவே இருபது பேர் குந்தியிருந்தார்கள்.

பத்து நாள் கழித்து, வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு சைக்கிள். கேரியரில் அதே மூட்டை. கைலி கட்டிய பச்சமுத்து இறங்கினார்.

"எண்ணிக்கங்க சார். எங்க வூட்ல கட்டிலுக்கு அடியில வெச்சிருந்தேன். அன்னிக்கி லாரியில வந்தவங்க, கையில கல்லு இருந்தா இன்னா ஏதுன்னு கேக்காம ஏத்திக்கினு இருந்தாங்க."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா கல்ல வுட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

வாத்தியாரிடம் இதற்கும் பொய் இல்லை. பொட்டலங்களை எண்ணினார். ஒரு பொட்டலமும் கலையவில்லை. ஆனால் நாற்பத்து மூன்று இருந்தது.

கடைசிப் பொட்டலத்தைப் பிரித்தார். ரோடு போடுகிற ஜல்லி. ஒரு முனையில் காய்ந்த ரத்தம். கூடவே, வாத்தியார் எழுதுகிற மாதிரியே ஒரு சீட்டு.

'எண்: 43. எடுத்த இடம்: என் நெற்றி. நாள்: 19.9.87, காலை.'

வாத்தியார் நிமிர்ந்து பார்த்தார். கட்டு இல்லை. தையல் போட்ட தழும்பு இருந்தது.

"கேஸ் எழுதலீங்களா?"

"கல்லு ஸ்டேஷன்ல இருந்தா, எறிஞ்ச புள்ளையக் கொண்டாம்பாங்க சார்" என்று ஏட்டு சைக்கிளைத் திருப்பினார். "உங்க மூட்டையில கெடந்தா யாரும் தேட மாட்டாங்க."