சோபாக் கடைப் பள்ளிக்கூடம்

"ஒரு சோபாவுக்கு ஆறு பட்டன். நாலு சோபாவுக்கு எத்தனை?"

"நாலு சோபாவை எந்த வீட்லப்பா போடுவாங்க? நடக்கவே இடம் இருக்காதே!"

துணி வெட்டும் மேஜைமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்த மகளைப் பார்த்து, வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டார் அவர். இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். உருண்டை முகத்துக்காக வீட்டில் வைத்த பெயர் பட்டாணி. பேச்சு மட்டும் பட்டாசு.

"பெரிய பங்களான்னு வெச்சுக்கோயேன்."

"அப்போ இருபத்து நாலு. ஆனா கூட்டிப் பெருக்குறவங்க பாவம்."

சோபா தைப்பதும் நைந்துபோன மெத்தைகளுக்கு மறுபடி உயிர் கொடுப்பதும் அவர் தொழில். கடையின் முன்பக்கம் மனைவியின் ராஜ்யம். வருகிறவர்களை உட்கார வைப்பது, பேரம் படிய வைப்பது, போனை எடுப்பது எல்லாம் அவள். பின்னறையில் ஊசியும் கத்தரியுமாக இவர். இப்போது அந்தப் பின்னறையில் ஒரு பள்ளிக்கூடமும் முளைத்திருந்தது.

எல்லாம் ஒரு தள்ளலில் வந்த வினை. வகுப்பில் ஒரு பையனைப் பிடித்துத் தள்ளிவிட்டாள் பட்டாணி. அவன் பெஞ்சில் மோதி நெற்றி புடைத்துப்போனது. ஏன் தள்ளினாய் என்று யார் கேட்டும் வாயைத் திறக்கவில்லை. மன்னிப்புக் கேள் என்றதற்கும் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாளிலிருந்து பள்ளிக்கூடம் என்றாலே வயிற்றுவலி.

"கொஞ்ச நாள் வீட்டுலயே வெச்சுப் பாடம் சொல்லிக் குடுங்க. மனசு தெளிஞ்சதும் அனுப்புங்க" என்று மனைவியிடம் சொல்லிவிட்டார் தலைமையாசிரியை.

மனைவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அதனால் வாத்தியார் வேலை இவர் தலையில் விழுந்தது. விழுந்த பிறகுதான், அது தனக்கு எவ்வளவு பிடித்திருக்கிறது என்று அவருக்கே தெரிந்தது.

அளவு டேப்பை விரித்துவைத்துக் கூட்டலும் கழித்தலும் நடந்தன. மிச்சம் விழுந்த ரெக்சின் துண்டுகளில் சாக்பீஸால் எழுத்துகள். மத்தியானமானால் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்துகொண்டு கதைப் புத்தகம். கரடிக்கு ஒரு குரல், ராஜாவுக்கு ஒரு குரல், ராஜாவைக் கடிக்கிற கொசுவுக்கு ஒரு குரல் என்று அவர் படித்துக் காட்ட, பட்டாணி மூட்டையிலிருந்து உருண்டு விழுந்து சிரிப்பாள்.

"இன்னொரு தடவை கொசுப்பா!"

"கொசு தூங்கப் போயிடுச்சு. இப்போ நீ படி."

எழுத்துக்கூட்டித் தடுமாறியவள் மெல்ல மெல்லக் கடகடவென்று படிக்க ஆரம்பித்தாள். வாய்ப்பாடு ஏறியது, வயிற்றுவலி இறங்கியது. ஆனால் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் வரவேயில்லை.

"அந்தப் பையனை ஏன்டா கண்ணு தள்ளினே?"

"சொல்ல மாட்டேன்."

"அம்மாகிட்ட சொல்ல வேணாம். என்கிட்டகூடவா?"

"உன்கிட்டதான் சொல்ல மாட்டேன்."

அவர் தையல் மெஷினை மிதிக்கத் தொடங்கினார்.

ஒருநாள் பள்ளியிலிருந்து போன். மறுநாள் காலை பெற்றோரில் ஒருவர் குழந்தையுடன் வர வேண்டுமாம். அன்று ராத்திரி பார்த்து மனைவி காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

"நாம ரெண்டு பேரும் போயிட்டு வந்துடலாம்" என்றார் மகளிடம்.

பட்டாணியின் முகம் சட்டென்று மாறியது. "நீ வேணாம்ப்பா. அம்மாவுக்குச் சரியானதும் போலாம்."

"ஏன், நான் வந்தா என்ன?"

"வேணாம்னா வேணாம்!"

நெஞ்சில் சுருக்கென்று ஏதோ தைத்தது. ஆனாலும் காலையில் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, இருப்பதிலேயே நல்ல சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். வழியெல்லாம் அவள் அவருடைய விரலை விடவேயில்லை.

தலைமையாசிரியை பட்டாணியைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். இரண்டு கணக்கும் கொடுத்துப் போடச் சொன்னார். முகம் மலர்ந்தது.

"நல்லா சொல்லிக் குடுத்திருக்கீங்க. எங்க டீச்சருங்களே உங்ககிட்ட வந்து கத்துக்கணும் போலிருக்கு!"

அவர் கூச்சத்தோடு தலையாட்டினார்.

"அந்தப் பையனும் நேத்து அழுதுகிட்டே உண்மையைச் சொல்லிட்டான். ஸ்கூல் வாசல்ல யாரோ ஒருத்தர் பேசினதைக் கேட்டுட்டு வந்து, அவரை மாதிரியே பேசிக் காட்டி, கிளாஸையே சிரிக்க வெச்சிருக்கான். அதான் இவளுக்குக் கோவம். ஆனா அவர் யாருன்னு அவனுக்கும் தெரியல, இவளும் சொல்ல மாட்டேங்கறா. உங்களுக்குத் தெரியுமா சார்?"

பட்டாணி தலையைக் குனிந்துகொண்டாள்.

பட்டாணி மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்க, அவள் தள்ளிவிட்ட அன்றைக்குப் பள்ளிக்கு வந்ததும், இரண்டாம் வகுப்பு எங்கே என்று வாசலில் ஒரு பையனிடம் கேட்டதும் அவருக்கு நினைவுக்கு வந்தன. பதில் சொல்ல வாயைத் திறந்தார்.

"அ... அ... அ..."

மகளிடம் மட்டும் தங்குதடையில்லாமல் ஓடும் பேச்சு, மற்றவர்கள் முன்னால் எப்போதும்போல முதல் எழுத்திலேயே திக்கி நின்றது.

பட்டாணி நாற்காலியிலிருந்து இறங்கி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொஞ்சம் பொறுங்க மிஸ். எங்கப்பா சொல்லிடுவாரு."