வெள்ளிக்கிழமைப் போர்வை

லிஃப்டின் பொத்தானைக் காமாரியா மறுபடியும் அழுத்தினாள். விளக்கு எரியவில்லை.

"லிஃப்டு ரோசாக், கெட்டுப்போச்சு அக்கா," என்றான் படியிறங்கி வந்த வாசு. பக்கத்து வீட்டுக்காரன். "இப்பதான் நின்னுச்சு. ஆள் வந்து பாக்க சாயங்காலம் ஆயிரும். நடராஜா சர்வீஸ்தான், ஒன்பது மாடியும். ஜிம்முக்குப் போனதா நெனச்சுக்குங்க லா."

அவள் சிரிக்கவில்லை. கையில் இறால் பை இருந்தது. மகளுக்காக இறங்கிவந்து வாங்கியது.

கார்கள் நிற்கும் இடத்துக்கு அப்பால் கடல். எதிரே பட்டர்வொர்த் கரையிலிருந்து ஃபெர்ரி கிளம்பிவிட்டிருந்தது.

அதில் மகள் ஃபாத்தின் இருப்பாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒன்பதாம் மாடிப் பால்கனியில் சிவப்புக் கரை போட்ட மஞ்சள் போர்வை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பாள்.

தெரிந்தால், அத்தா, அவளைப் பெற்ற தகப்பன், ஜும்ஆ தொழுகைக்குப் போய்விட்டார், வரலாம். தெரியாவிட்டால் வீட்டில் இருக்கிறார். இறங்கி, அடுத்த ஃபெர்ரியில் திரும்பிவிட வேண்டும்.

காமாரியா முதல் படியில் கால் வைத்தாள்.

ஃபாத்தின் யாருக்கும் சொல்லாமல் தாய்லாந்து எல்லையைத் தாண்டிப்போய் நிக்காஹ் செய்துகொண்டவள். மகளைக் கைப்பிடித்துக் கொடுக்க வேண்டிய தகப்பன், யாரோ அனுப்பிய செல்பேசிப் படத்தில் அதைப் பார்த்தார்.

அன்று காமாரியாவின் கணவர் இஸ்மாயில் இரண்டு வார்த்தை சொன்னார். அவள் முகத்தில் இனி விழிக்க மாட்டேன். இந்த வீட்டிலிருந்து அவளுக்கு ஒரு போன் போகக் கூடாது.

சொன்ன சொல் தவறாதவர். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை நடத்திய காலம் முழுக்க அவருக்கு அந்தப் பெயர்தான்.

காமாரியாவும் சொல் தவறவில்லை. மகளுக்கு ஒருமுறைகூட போன் செய்ததில்லை. மீன் சந்தையில் தற்செயலாக எதிர்ப்பட்டபோது இருவரும் பேசிவைத்துக்கொண்டதுதான் இந்தப் போர்வை. வெள்ளிக்கிழமைகளில் அதை உலர்த்தினாள். மற்ற நாட்களில் அலமாரியில், தன் தொழுகை உடைக்கு அடியில் ஒளித்துவைத்தாள்.

இரண்டாம் மாடியில் மூட்டு வலித்தது. நிற்கவில்லை.

வந்தால் ஃபாத்தின் சமையலறைத் தரையில் கால்நீட்டி உட்கார்ந்துவிடுவாள். இறால் சம்பால் வதக்கிய சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைவாள். மாமியார், தொழிற்சாலை, கீழ்வீட்டுப் பூனை, எல்லாக் கதையும் வாய் நிறையச் சோற்றோடு வரும். கடல்காற்று அவள் தலைமுடியைக் கலைத்துக்கொண்டே இருக்கும்.

பிறகு சட்டியைக் கழுவி, தரையைத் துடைத்து, வராதவள்போலப் போய்விடுவாள்.

முன்பெல்லாம் தொழுகை முடிந்ததும் இஸ்மாயில் நேராக வீட்டுக்கு வருவார். இப்போது தேநீர்க் கடையில் உட்கார்ந்துவிடுகிறார். அல்ஹம்துலில்லாஹ் என்று காமாரியா நினைத்துக்கொள்வாள்.

இது கடைசி வெள்ளி. மருமகனுக்குத் தொலைவில் மிரி ஊருக்கு மாற்றல். நாளை இருவருக்கும் விமானம். மிரிக்கு ஃபெர்ரி கிடையாது.

நான்காம் மாடித் திருப்பத்தில் இஸ்மாயில் இறங்கிவந்தார். வெள்ளை ஜிப்பா, சொங்கோக் தொப்பி, அத்தர் மணம். ஒரு கை சுவரைப் பிடித்திருந்தது.

அவள் பையைப் பின்னால் கொண்டுபோனாள்.

"எறா நல்லதா கெடச்சுதா?"

"ம்."

"மெதுவா ஏறு. எப்படி மூச்சு வாங்குது பாரு." இரண்டு படி இறங்கி நின்றார். திரும்பவில்லை. "எனக்கு இன்னிக்கு வர நேரமாகும்."

செருப்புச் சத்தம் கீழே போய்த் தேய்ந்தது.

வேகமாக ஏற முடிந்தால் ஏறியிருப்பாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, படிக்கு இரண்டு காலும் வைத்து ஏறினாள்.

ஏழாம் மாடியில் கால் மறுத்துவிட்டது. சுவர்த் துளை வழியே பார்த்தாள். ஃபெர்ரி கரையை அணைந்திருந்தது. ஆட்கள் புள்ளிபுள்ளியாக இறங்கினார்கள். எந்தப் புள்ளி தன் மகள் என்று தெரியவில்லை.

படியிலேயே உட்கார்ந்தாள். இறால் பையிலிருந்த ஐஸ் உருகி மடி நனைந்தது.

இனி மேலே போய்ப் போர்வையைப் போட்டு என்ன?

நேரம் போனது. செல்பேசியை எடுத்து மகளின் பெயரைத் தேடினாள். விரல் அதன்மேல் நின்றது.

இந்த வீட்டிலிருந்து என்றுதானே சொன்னார். இது படிக்கட்டு.

அழுத்துவதற்குள் கீழேயிருந்து காலடிச் சத்தம் ஏறி வந்தது.

"ம்மா! இங்க உக்காந்து என்ன பண்றே?"

ஃபாத்தின். முக்காடு கலைந்து, முகம் வியர்த்து.

"நீ திரும்பிப் போகலியா?"

"ஏன் போகணும்? அதான் போர்வ தொங்குச்சே. வேற நாளு கண்ணச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கணும். இன்னிக்கு பாதிக் கடல்லயே தெரிஞ்சுச்சு லா."

காமாரியா பையை எடுத்துக்கொண்டாள். மகள் தோளைப் பிடித்து எழுந்தாள்.

கதவைத் திறந்ததும் கடல்காற்று முகத்தில் அடித்தது. ஃபாத்தின் நேராகச் சமையலறைக்குப் போய்ச் சட்டியை உருட்டினாள்.

காமாரியா பால்கனிக்குப் போனாள்.

அவள் எப்போதும் போர்வையை இரண்டாக மடித்து, மூலையில் ஒரு கிளிப்பைச் செருகிவிட்டு அடுப்புக்கு ஓடிவிடுவாள்.

இன்று அது முழு அகலத்துக்கு விரிந்திருந்தது. ஒரு சுருக்கம் இல்லை. கடைவாசலில் புடவையைத் தொங்கவிடுவதுபோல, வருகிறவர் கண்ணில் படும்படி, சிவப்புக் கரை கடலைப் பார்த்திருந்தது.

"ம்மா, சீக்கிரம் வா," என்று உள்ளிருந்து ஃபாத்தின் கூப்பிட்டாள். "அத்தா வந்துரப் போறாரு."

காமாரியா போர்வையின் ஓரத்தைத் தொட்டாள்.

"வர மாட்டாரு," என்றாள். "சொல்லிட்டுத்தான் போனாரு."