அப்பாவின் கை

மகள் யாரிடம் வளர்வது என்று முடிவாகும் நாளன்று, புகைப்படக் கலைஞர் ஒரு தடித்த ஆல்பத்தோடு குடும்ப நீதிமன்றத்துக்கு வந்தார்.

"இது சும்மா போட்டோ இல்லைங்கம்மா, படக்கட்டுரை. வரிசையாப் பார்த்தா கதை சொல்லும். தலைப்பு, 'அப்பாவின் கை'."

"வீட்டுல ஒரு பல்பு மாத்தத் துப்பில்லாத கை," என்றாள் மனைவி.

"பாருங்கம்மா, இந்த ரசனை கெட்டவளோடதான் பத்து வருஷம் குப்பை கொட்டினேன்."

"இங்கேயும் ஆரம்பிச்சுட்டீங்களா?" என்று அதட்டிவிட்டு, நீதிபதி அம்மாள் ஆல்பத்தைப் புரட்டினார்.

மகள் சைக்கிளில் ஏறுகிறாள். விழுகிறாள். அழுகிறாள். கடைசிப் படத்தில் அப்பாவின் கை அவள் கண்ணீரைத் துடைக்கிறது.

நீதிபதியே கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். மனைவியின் முகம் வெளுத்தது.

"விழுற அந்த நொடியை எப்படிங்க இவ்வளவு சரியாப் பிடிச்சீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

இந்தக் கேள்விக்காகவே பிறந்தவர்போல் கலைஞர் நெஞ்சை நிமிர்த்தினார்.

"எல்லாம் பொறுமைதாங்கம்மா. அவளா விழுந்தப்ப ஃபோகஸ் போயிடுச்சு. அப்புறம் மூணு தடவை தள்ளிவிட்டுத்தான் இது கிடைச்சுது."

வாதாட எழுந்த மனைவியின் வக்கீல், கேஸ் கட்டை மூடிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.