வாரண்ட்டியின் கடைசி நாள்

“சுடர், கீபோர்டு மறுபடியும் ஊமையாயிடுச்சும்மா. ஒரு எழுத்துகூட விழல. கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போறியா?”

“ஆறு மணிக்கு மேல வர்றேம்மா. அதுவரைக்கும் எதையும் தொடாதீங்க.”

போனை வைத்த கனீஸ் பாத்திமா, குரலில் இருந்த கவலையையும் கூடவே கழற்றி வைத்தார். காலையில் கீபோர்டைக் கெடுத்ததே அவர்தான்.

கீபோர்டுக்கு மூளை, அதற்குள் ஏற்றி வைக்கும் ஃபர்ம்வேர். வேறு ஏதோ கீபோர்டின் ஃபர்ம்வேரை இன்டர்நெட்டிலிருந்து இறக்கி இதற்குள் ஏற்றினால் போதும், எந்த விசையைத் தட்டினாலும் கல் மாதிரி கிடக்கும். சரியானதை ஏற்றினால் பழையபடி எழுந்துகொள்ளும். இந்த வைத்தியத்தைச் சொல்லிக்கொடுத்தவள், கடையிலிருந்து ரிப்பேர் பார்க்க வரும் சுடர்விழிதான். வைத்தியத்திலிருந்து நோயைக் கண்டுபிடித்தது மட்டும் கனீஸின் சொந்த சாமர்த்தியம்.

முதலியார்பேட்டை மாடி வீட்டில் அவர் ஒண்டிக்கட்டை. பிறப்புச் சான்றிதழையும் கல்யாணப் பத்திரத்தையும் தமிழிலிருந்து பிரெஞ்சுக்கு மாற்றிக்கொடுப்பது தொழில். முன்பு அதற்காவது நாலு பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். இப்போது எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்து மெயிலில் போய்விடுகிறது.

மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னதற்கு, பிரெஞ்சு நாட்டு மார்செய் நகரத்தில் இருக்கும் மகள் நூரீன் இந்த ஊர்க் கடை ஒன்றில் சொல்லி அனுப்பிய கீபோர்டு இது. வேண்டிய எழுத்தை வேண்டிய விசையில் வைத்துக்கொள்ளலாம். ஒரு வருஷத்துக்கு வீடு தேடி வந்து இலவசமாகப் பார்த்துக்கொடுப்பதாக வாரண்ட்டி. அந்த ஒரு வருஷம் இன்றோடு முடிகிறது. நாளையிலிருந்து சுடர்விழி வர மாட்டாள்.

ஐப்பசி மழையில் தொப்பலாக நனைந்து வந்து நின்றாள் சுடர்விழி. முன்பெல்லாம் கடைப் பெயர் போட்ட நீல டி-ஷர்ட்டில் வருவாள். இப்போது பல மாதமாகச் சுடிதார்தான். இதுதான் பொண்ணுக்கு நன்றாக இருக்கிறது என்று நினைத்தபடி கனீஸ் துண்டை நீட்டினார்.

“இந்தவாட்டி நீங்களே பண்ணுங்கம்மா. நான் பக்கத்துல உக்காந்துக்குறேன்.”

“எனக்கு என்னா தெரியும்? நீ சொல்லு.”

“பின்னாடி ஒரு ஓட்டை இருக்குல்ல, உள்ள சின்ன பட்டன். ஊக்கால அத அமுக்கிப் புடிச்சிக்கிட்டே கேபிளைச் சொருகுங்க. கம்ப்யூட்டர்ல பென் டிரைவ் மாதிரி ஒண்ணு வரும்.”

அவள் சொல்லி முடிப்பதற்குள் கனீஸின் ஊக்கு, பார்க்காமலேயே ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. சுதாரித்துக்கொண்டு வெளியே எடுத்து, “எங்க இருக்கு, எங்க இருக்கு?” என்று இன்னும் இரண்டு இடத்தில் குத்திப் பார்த்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. நல்லவேளை, சுடர்விழி தன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுச்சா? இப்ப நம்ம ஃபைல அதுல இழுத்துப் போடுங்க. டிரைவ் தானா மறையும். அதுவரைக்கும் கேபிளை உருவிடாதீங்க.”

டிரைவ் மறைந்தது. கனீஸ் விசைகளைத் தட்டினார். தமிழ் விழுந்தது, ஓரத்து விசையை அழுத்திக்கொண்டு தட்டியதும் தொப்பி வைத்த பிரெஞ்சு எழுத்தும் விழுந்தது.

“பாஸ் பண்ணிட்டீங்க!” என்று கை தட்டினாள் சுடர்விழி. கனீஸுக்கு அழுகைதான் வந்தது. பாஸாகி என்ன பிரயோசனம்?

கனீஸ் டீயும் சமோசாவும் கொண்டுவந்து வைத்தார். சுடர்விழி நிதானமாகக் குடித்தாள்.

“உழவர்கரை ஹாஸ்டல்ல டீன்னு ஒண்ணு ஊத்துவாங்கம்மா, சுடுதண்ணியே பரவால்ல. ரூம்ல மூணு பேரு இருக்கோம். மூணு பேரு காதுலயும் ஹெட்போன்.”

சிரித்துக்கொண்டே சொன்னாள். பிறகு மழை விட்டுவிட்டதா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள். அதற்கு மேல் கனீஸால் தாங்க முடியவில்லை.

“இரும்மா. இன்னையோட வாரண்ட்டி முடியுது. போறதுக்குள்ள ஒண்ணு சொல்லிடுறேன். இது தானா கெடல. ஒவ்வொருவாட்டியும் நாந்தான் கெடுத்தேன்.”

சுடர்விழி பையோடு திரும்பினாள்.

“நீ வந்தாத்தான் இந்த வீட்டுல பேச்சுச் சத்தம் கேக்குது. மத்த நாளு என் குரல் எப்பிடி இருக்கும்னு எனக்கே மறந்து போவுது. அதுக்காக உன்ன மழையிலயும் வெயில்லயும் அலைய விட்டுட்டேன்.” கனீஸ் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “எத்தினிவாட்டி போயும் ஒழுங்கா சரிபண்ணலன்னு உன் முதலாளி உன்னத்தான திட்டியிருப்பாரு? அவரு நம்பரைக் குடு. தப்பு என்னோடதுன்னு நானே சொல்லிடுறேன்.”

“நீங்கதான் கெடுக்குறீங்கன்னு எனக்குத் தெரியும்மா.”

“தெரிஞ்சா வந்த? பின்ன ஏன் முதலாளிகிட்ட சொல்லல?”

சுடர்விழி தோளிலிருந்த பையை இறக்கிவிட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“கடையத்தான் போன பொங்கலோடயே மூடிட்டாங்களேம்மா.”